செக்கிழுத்த செம்மலும் அவராய் நடித்தவரும்

(மாணவர் நாடகப் பயிற்சி நிறைவு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

    

‘மெய்யாக வாழ்ந்த ஒருவரை மேடையில் நடித்துக் காட்டுவது எப்படி?’ என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தமிழாசிரியனுக்கும் திரைப்படத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். திரைப்படத் தமிழைப் பற்றி நம்மனோர்க்குள்ள குறை சிறிதன்று. ஆயினும் நடிப்பு நமக்குப் புறம்பான கலையன்று. உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். அரங்கின் அகலமும் உயரமும் இவ்வளவென்று அளந்து சொன்னவர் இளங்கோவடிகள். எனவே நடிப்பைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

பொதுப்படப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரு நடிகரையும் அவர் நடித்த ஒரு மாந்தரையும் எடுத்துக் கொள்கிறேன். நடிகர், சிவாசி கணேசன். மாந்தர், வ. உ. சிதம்பரனார். படம், 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’. நான் பிறக்குமுன்பே வந்த படம். எனினும் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

சிதம்பரனாரிடம் செல்லுமுன் கட்டபொம்மனிடம் சற்று நின்று செல்லவேண்டும். ஏனெனில் அந்த நடிகரைத் தமிழுலகம் மறவாதிருப்பதற்குப் பெரிதும் காரணமானவன் கட்டபொம்மனே. சிறுவனாயிருந்த காலத்தில் திருச்சியில் கட்டபொம்மன் கூத்தைக் கண்டுதான் நடிப்பின்மேல் தமக்குப் பித்துப் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பித்தினால் வீட்டைவிட்டு நீங்கிச் சிறுவர் நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். அங்கே பெண் வேடமும் புனைந்தார். ஆண் வேடமும் புனைந்தார். நெஞ்சிலிருந்து குரலெடுக்கவும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் விழுமாறு சொல்லவும் அந்தக் குழுக்களில் பயிற்றினார்கள். இன்றைய நம் பள்ளிகளில் அப்பயிற்சி இல்லை. வகுப்பறையின் மூன்றாம் வரிசைக்கே கேளாமற் பாடம் ஒப்பிக்கின்ற மாணவர்களை நாள்தோறும் பார்த்து வருந்துகிறவன் நான்.

சத்தி கிருட்டிணசாமி எழுதிய கட்டபொம்மன் நாடகத்தை 1957இல் சிவாசி கணேசன் மேடையேற்றினார். ஊர்தோறும் அது நடந்தது. 1959இல் பி. ஆர். பந்துலு அதனை வண்ணப்படமாக்கி வெளியிட்டார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகரென்னும் பரிசு அவருக்குக் கிடைத்தது. சாக்சன் துரையின் முன்னே கட்டபொம்மன் முழங்கும் அந்த உரையாடலைத் தமிழகத்தில் அறியாதவர் யார்? தெருவில் கோலி விளையாடிய சிறுவர்களும் அதனை முழுமையாக ஒப்பித்த காலமுண்டு. இன்றும் பள்ளி ஆண்டுவிழாவென்றால் ஒட்டுமீசையும் அட்டை வாளுமாக ஒரு சிறுவன் மேடையேறிவிடுவான்.

அந்த முழக்கத்தின் தமிழைப் பற்றி நம்மவர் சொல்லும் குறை உண்மையே. வடசொற்கள் ஆங்காங்கே விரவிக் கிடக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் வீட்டுமொழி தெலுங்கு என்பதும் மறைக்க வேண்டிய செய்தியன்று. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ழகரமும் ளகரமும் லகரமும் வேறு வேறென்று, இலக்கண நூலைக் கண்ணாற் காணாத இலக்கக்கணக்கான மக்களின் காதுக்கு அந்த நடிகரின் நா கற்பித்தது. பலுக்கல் என்னும் பாடத்தை ஓர் ஊரில் ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். இவர் நாடு முழுவதற்கும் கற்பித்தார். கூலியை நாம் நுழைவுச்சீட்டாகக் கொடுத்தோம்.

ஆனால் வரலாற்றுக் கட்டபொம்மன் அவ்வாறு முழங்கினானா? 1799 அத்தோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்ட படைத்தலைவன் பானர்மன் என்பவன், மறுநாளே தன் மேலிடத்திற்கு எழுதிய மடல் இருக்கிறது. பகைவன் எழுதியதாகலின் அதன் சான்று வலிமை மிக்கது. உசாவல் நடந்த பொழுதெல்லாம் அந்தப் பாளையக்காரன் சற்றும் கலங்கவில்லை என்றும், தன்னைப் பிடிக்க முனைந்து உழைத்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெகுளியும் இகழ்ச்சியும் தோன்ற நோக்கினான் என்றும், தூக்குமரத்திற்குச் செல்லும்போது உறுதியான நடையில், இருமருங்கும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டே சென்றான் என்றும் அவன் எழுதியிருக்கிறான். அம்மடலில் உள்ளவை நோக்கும் நடையுமே. நீண்ட பேச்சொன்றும் அதில் இல்லை.

இதைச் சொல்வதால் படத்தைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று கொள்ளற்க. படம் வருவதற்கு நூற்றறுபது ஆண்டுகட்கு முன் மாண்டவன் அவன். அவன் குரலைக் கேட்டவர் ஒருவரும் உயிரோடில்லை. அவ்விடத்தில் நடிகர் தம் குரலையே அவனுக்குக் கொடையாகக் கொடுத்தார். மக்கள் வாய்ப்பாட்டிலும் கூத்திலும் வாழ்ந்த கட்டபொம்மனுக்கு அந்தக் குரல் பொருந்திற்று. பின்னாளில் கயத்தாற்றில் தம் பொருளிலேயே நிலம் வாங்கி அவனுக்குச் சிலையெடுத்தார் அந்நடிகர். வேடத்தைக் கலைத்ததும் கதைமாந்தரை மறந்துவிடும் நடிகர்கள் செய்யக்கூடிய செயலா அது?

அந்தக் குரலுக்கு இரண்டே ஆண்டுகளில் ஒரு தேர்வு வந்தது. அதே இயக்குநர் பந்துலு, அதே நடிகர். நடிக்க வேண்டியவர்மட்டும் வேறுவகை மாந்தர்.

சிதம்பரனார் இறந்தது 1936 நவம்பர் 18ஆம் நாள். படம் வந்தபோது இடையில் கழிந்தவை இருபத்தைந்தே ஆண்டுகள். அவர் பெற்ற மக்கள் இருந்தார்கள். அவரோடு பழகியவர்கள், அவருடைய வழக்காடலைக் கேட்டவர்கள், தூத்துக்குடித் தெருவில் அவரைப் பார்த்து வணங்கியவர்கள், எல்லாரும் இருந்தார்கள். தலைப்பாகையும் மீசையுமான அவர் ஒளிப்படம் வீடுகளில் தொங்கிற்று. கட்டபொம்மனைப் போல இவரை விருப்பம்போல் புனைய முடியாது. ‘எங்கள் ஐயா இப்படி நடக்கமாட்டாரே’ என்று ஒரு முதியவர் கொட்டகையில் எழுந்து சொல்லிவிட்டால் நடிப்பு முழுவதும் பாழ். கதைக்கு அடிப்படையோ ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாறு. அதிலும் நினைத்தபடி மாற்ற இடமில்லை.

சிதம்பரனாரின் வரலாற்றை நீவிர் அறிவீர். மாணவர்களுக்காகச் சிலவற்றைமட்டும் சொல்லி விரைகிறேன். 1872 செப்தம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். வழக்கறிஞரானார். 1906 அத்தோபரில், தலைக்கு இருபத்தைந்து உருபா வீதம் நாற்பதாயிரம் பங்குகள், ஆகப் பத்து இலக்கம் உருபா முதலென்று திட்டமிட்டுச் சுதேசிக் கப்பல் குழுமத்தைப் பதிவு செய்தார். காலியா, இலாவோ என இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. (அந்த ‘ஸ்டீம் நாவிகேஷன்’ என்னும் நெடும்பெயரைத் தமிழ்மக்கள் ஒருநாளும் வாயில் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நிலைத்த பெயரில் கப்பல், ஓட்டிய, தமிழன் என்னும் மூன்றும் தமிழ்ச்சொற்கள். மக்கள் நா தானாகவே நல்லது தேர்ந்தெடுக்கும்.) 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்க்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் தளைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. சூலை 7ஆம் நாள் நடுவர் பின்கே இரட்டை வாழ்நாள் ஒறுப்பு, அஃதாவது நாற்பதாண்டு, விதித்தான். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறை, கண்ணனூர்ச் சிறை. 1912 திசம்பரில் விடுதலை. அவர் சிறையிலிருந்தபோதே கப்பல் குழுமம் கலைந்து போயிற்று.

இந்த வாழ்க்கையை எப்படி நடிப்பது? முதற்பாதியில் இடர்ப்பாடு இல்லை. வெள்ளையரை எதிர்த்துப் பேசும் வழக்கறிஞர். மேடையில் மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் தலைவர். கட்டபொம்மனிற் பெற்ற புகழை மீண்டும் அறுவடை செய்யும் வாய்ப்பு அங்கே இருந்தது. வேறொரு நடிகராயின் அதை விட்டிருக்கமாட்டார். இவர் விட்டார். ஆட்சியரின் முன் அவர் பேசுமிடங்களைக் கூர்ந்து கேளுங்கள். குரல் உயருமிடம் உண்டு. ஆனால் அது வழக்கின் கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும் வழக்கறிஞரின் குரல். பாளையக்காரனின் இடி அங்கே இல்லை. வெகுளியை அடக்கிக்கொண்டு முறைப்படி பேச முயலும் படித்தவன் ஒருவனின் தாடை இறுக்கம் தெரிகிறது.

இரண்டாம் பாதியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. நடிகரின் ஈடுபாடும் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. சிதம்பரனார் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே செய்யுளில் எழுதிவைத்தார். கோவைச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்ற விட்டார்கள் என்றும், கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது என்றும், அதன்பின் மாட்டுக்கு மாற்றாகச் செக்கிழுக்க விட்டார்கள் என்றும் அதிற் சொல்கிறார். அழுது புலம்பிச் சொல்லவில்லை. செக்கிழுக்க விட்ட சிறையதிகாரியின் ‘அன்பை’ எள்ளலோடு பாராட்டிவிட்டு அப்பாற் செல்கிறார். தம் துன்பத்தைத் தாமே பெரிதுபடுத்திப் பேசாத மாந்தர் அவர். நடிகர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்நுனி இதுவே.

படத்தில் அக்காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னணியில் பாரதியாரின் பாட்டொன்று செல்கிறது. நூல் கற்றோர் செக்கடியில் வருந்துவதைப் பாரதியாரே அப்பாட்டில் வைத்துப் பாடினார். தம் நண்பரை எண்ணியே பாடினார். எனவே அவ்விடத்திற்கு அதைவிடப் பொருந்திய பாட்டில்லை. திருச்சி உலோகநாதன் குரல் அது. பாட்டு நடக்கும் நேரமெல்லாம் நடிகருக்குப் பேச்சில்லை. எந்த நாவினால் தமிழகத்தை ஆண்டாரோ அந்த நாவை அவர் கட்டிப் போட்டுவிட்டார். எஞ்சியவை தோளும் முதுகும் காலும் மூச்சுமே. முதற்சுற்றில் தலை நிமிர்ந்திருக்கிறது. பிறகு முதுகு வளைகிறது. பிறகு கால் தன் இசைவின்றி இழுபடுகிறது. கண்மட்டும் தாழவில்லை. தொல்காப்பியர் சொன்ன எண்வகை மெய்ப்பாட்டில் இளிவரலும் பெருமிதமும் ஒன்றற்கொன்று எட்டாதவை என்றே நாம் பாடம் சொல்கிறோம். இழிவுபடுத்தப்படும் ஒருவன் பெருமிதத்தோடும் இருக்கிறான் என்பதை ஒரே உடலில் ஒரே நேரத்தில் காட்டினார் அவர். மெய்ப்பாட்டியல் நடத்தும்போது இக்காட்சியைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். உரையாசிரியர் எவரும் கோவித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்லவேண்டும். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பித்தவர்களுள் சிதம்பரனாரும் ஒருவர். 1928இல் எழுத்ததிகார இளம்பூரணம் அவர் பதிப்பாக வந்தது. பொருளதிகாரத்திலும் உழைத்தார். 1935இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ எனத் தாமே நூல்கள் இயற்றினார். ஆங்கில அறிஞர் சேம்சு ஆலன் நூல்களைத் தமிழாக்கி ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று பெயரிட்டார். செக்கிழுத்த கைதான் ஏட்டையும் புரட்டிற்று. படம் விடுதலைப் போரை நடுவாகக் கொண்டது. ஏடு பார்த்த சிதம்பரனாரை முழுமையாகக் காண நாம் நூல்களிடம்தான் செல்லவேண்டும். அதைப் படத்தின் குற்றமென்று சொல்லேன். மூன்று மணிநேரத்தில் எத்தனையைத்தான் அடக்குவது? ஆனால் தமிழாசிரியன் இதைச் சொல்லாமற் போனால் அது தமிழாசிரியனின் குற்றம்.

சிறைவாயிற் காட்சிக்கு வருவோம். கதவு திறக்கிறது. சிதம்பரனார் வெளியே வருகிறார். அவரைக் கைதுசெய்த நாளில் ஒரு நகரமே எழுந்து நின்றது. விடுதலை பெற்ற நாளிலோ ஆளில்லை. தொழுநோயால் உருக்குலைந்த ஒருவர்மட்டும் காத்து நிற்கிறார். யாரென்று முதலில் தெரியவில்லை. அவர் சுப்பிரமணிய சிவா! சிறை அவருக்குக் கொடுத்த பரிசு அந்த நோய். சிவாவாக நடித்தவர் நாடகப் பேராசான் தி. க. சண்முகம். பெரிய நடிகர் இருவர் எதிரெதிரே நிற்கும்போது ஒருவரையொருவர் விழுங்கப் பார்ப்பதே உலக வழக்கம். இங்கே சிவாசி கணேசன் வாங்கிக்கொள்பவராகவே நிற்கிறார். சண்முகத்தின் முகத்தைப் படிக்கிறார், தேடுகிறார், அறிகிறார், உடைகிறார். அறிதலுக்கும் உடைதலுக்கும் இடையே ஒரு நொடி ஒன்றும் செய்யாமல் நிற்கிறாரே, அந்த ஒரு நொடிக்காக அப்படத்தை இன்னும் நூறுமுறை பார்க்கலாம். ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் நடிப்பில் கடைசியாகக் கைவருவது. நம் மாணவர்கள் மேடையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பதை இப்போதுதானே பார்த்தோம்!

சிவாவைப் பற்றி இந்த அவைக்கு ஒரு செய்தி. தம் ‘ஞானபானு’ இதழில் 1915இல், வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவார்க்கு ஐந்து உருபா பரிசென்று அறிவித்தவர் அவர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டது 1916இல். நோயும் வறுமையும் வாட்டிய காலத்தில் கையிலிருந்த ஐந்து உருபாவைத் தூய தமிழுக்கென்று எடுத்து வைத்த மாந்தரைத்தான் அந்தச் சிறைவாயிலில் நாம் காண்கிறோம். இதை அறிந்தபின் அக்காட்சியைப் பாருங்கள், கண்ணீர் இரட்டிக்கும்.

இனிக் கசப்பான செய்தி. கட்டபொம்மனுக்குத் திரண்ட கூட்டம் சிதம்பரனாருக்குத் திரளவில்லை. படம் வருவாய் ஈட்டவில்லை. முதல்போட்டவருக்கு இழப்பையே தந்தது. நடுவணரசின் திரைப்பட விருதுகளில் தமிழ்ப்படத்துக்குரிய சிறப்பு அதற்குக் கிடைத்தது. கொட்டகை வாயிலில் மக்கள் கூட்டம் கிடைக்கவில்லை. ஏன்? கட்டபொம்மன் வண்ணப்படம், இது கருப்பு வெள்ளை என்பார்கள். பாட்டும் ஆட்டமும் குறைவென்பார்கள். அவற்றிலும் ஓரளவு உண்மையுண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. கட்டபொம்மன் கதையில் குற்றவாளிகள் வெள்ளையனும் காட்டிக்கொடுத்தவனும். பார்ப்பவன் கைதட்டிவிட்டு நிம்மதியாக வீடு செல்லலாம். சிதம்பரனார் கதையின் பிற்பகுதியில் குற்றவாளி பார்ப்பவனேதான். சிறைவாயிலுக்கு வராதவன் அவனுடைய பாட்டன். சிறைமீண்ட தலைவர் வழக்கறிஞர் உரிமையும் இழந்து, சென்னையிற் கடை வைத்துப் பிழைக்கப் பாடுபட்டபோது எட்டிப் பாராதவனும் அவனே. அந்த உரிமையைத் திரும்பப் பெற உதவியவர் வாலசு என்னும் வெள்ளைக்கார நடுவர். அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். வெள்ளையராட்சியால் நாற்பதாண்டு ஒறுப்புப் பெற்றவர், நல்ல வெள்ளையன் ஒருவனுக்கு நன்றி செலுத்தினார். நாம் அவருக்கு என்ன செலுத்தினோம்? இந்தக் கேள்வியைத் திரையில் எதிர்கொள்ள 1961இல் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு விருப்பமில்லை போலும். உயிரோடிருந்தபோது கைவிட்டது போதாதென்று, படத்திலும் ஒருமுறை கைவிட்டார்கள்.

நடிகருக்கு ஊதியம் கிடைத்திருக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அவர் பெரிதாக மதித்த பரிசு வேறு. சிதம்பரனாரின் மகனார் அப்படத்தைப் பார்த்துவிட்டுத் தம் தந்தையையே நேரிற் கண்டதாக நெகிழ்ந்து சொன்னார் என்றும், அதனினும் பெரிய பாராட்டு தமக்கில்லை என்றும் அந்நடிகர் பின்னாளில் கூறியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். சிதம்பரனார் மறைந்தபோது சிவாசி கணேசன் எட்டாண்டுச் சிறுவன். அவரை ஒருநாளும் பார்த்தறியாதவர். ஒளிப்படமும் நூலும் கேள்விச் செய்தியும் தவிரப் பிடிமானமில்லை. செக்கிழுத்தபோது சிதம்பரனாருக்கு வயது முப்பத்தாறு. நடித்தபோது இவருக்கு முப்பத்து மூன்று. வயதொப்புமை ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் அறுபத்து நான்கில் மறைந்த முதியவரின் சோர்வை அந்த முப்பத்து மூன்று எங்கிருந்து பெற்றது? நடையைக் குறுக்கி, மூச்சைக் குறைத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியைக் கூட்டி, அந்தத் தளர்ச்சியை அவர் சிறிது சிறிதாகக் கட்டினார். மாவும் வெள்ளைமயிரும் ஒப்பனையாளர் பூசலாம்; இடைவெளியை யாரும் பூசமுடியாது.

அவரிடத்தில் மிகைநடிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வேறு பல படங்களில் நிரம்ப உண்டு. முகத்தின் ஒவ்வொரு தசைக்கும் வேலை கொடுத்துப் பார்ப்பவனைக் களைப்படையச் செய்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். இந்தப் படத்திலும் இரண்டோர் இடங்களில் பழைய மேடை எட்டிப் பார்க்கிறது. ஆனால் அந்த நடிகரைக் குறைசொல்லுவோர் வசதியாக மறந்துவிடுவது இந்த அடக்கத்தைத்தான். கத்தத் தெரியாதவன் வாய்மூடி நிற்பது அடக்கமன்று. நாட்டையே அதிரவைக்கும் குரலை வைத்துக்கொண்டு, கதைமாந்தர்க்கு அது பொருந்தாதென்று பூட்டிவைத்தல் எளிதன்று. நம் முன்னோர் இதற்கு வாய்வாளாமை என்று அழகான சொல் வைத்திருந்தனர்.

இதில் ஆசிரியனான எனக்கு ஓர் அச்சமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எட்டாம் வகுப்பில் சிதம்பரனார் படத்தை வரைந்து வருமாறு சொன்னேன். வந்த படங்களிற் பாதி சிவாசி கணேசனின் படம்! பிள்ளைகள்மேல் பிழையில்லை, அவர்கள் கண்ட சிதம்பரனார் அவர்தாம். உண்மை ஒளிப்படத்தைக் காட்டியபோது, ‘இவர் யார் ஐயா?’ என்று ஒருவன் கேட்டான். நடிகரின் திறமை கூடக்கூட இந்த இடர் கூடும். நன்றாக நடிக்காதவனால் வரலாற்றுக்குத் தீங்கில்லை, அவனை யாரும் நினைவில் வைப்பதில்லை. நன்றாக நடித்தவனோ உண்மை மாந்தரின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றுவிடுகிறான். நடிகர் 2001இல் மறைந்தார். முகத்தை விலக்கி உள்ளே இருப்பவரைக் காட்டும் வேலை இனி அவருடையதன்று, நம்முடையது. அதனால்தான் எங்கள் வகுப்பில் படத்தைப் பற்றிப் பேசும் அன்றே சிதம்பரனாரின் தன்வரலாற்றுச் செய்யுளையும் எடுத்து வைக்கிறோம். சணற்பொறி சுற்றிய பகுதியைப் படித்த நாளில் வகுப்பில் ஒலியே இல்லை.

மாணவர்களே, உங்கள் நாடகத்திற்கு இப்போது வருகிறேன். நான்கு கிழமையாகப் பயின்றிருக்கிறீர்கள். சிறைவாயிற் காட்சிக்குத் தம்பி ஒருவன் ஒன்றரைப் பக்கத்திற்கு உரையாடல் எழுதிக்கொண்டு வந்தான். நல்ல தமிழ், ஒரு வடசொல்லும் இல்லை. படித்து மகிழ்ந்தேன். பிறகு ஐந்து சொற்களை விட்டுவைத்து மற்றவற்றை அடித்துவிட்டேன். அவனுக்கு வருத்தம். ‘ஐயா, பிறகு நான் என்னதான் செய்வது?’ என்றான். கதவிலிருந்து அந்த மனிதர்வரை நடந்து போ, அதுவே போதும் என்றேன். முதல்நாள் நான்கே அடியில் ஓடி முடித்துவிட்டான். நேற்று அவ்வளவு தொலைவையும் நடந்தான். கால்விலங்கு கழன்றபின்னும் விலங்கிட்ட நடை மாறாமல் நடந்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே கண்டுகொண்டான். எப்படியென்று கேட்டதற்கு, நாலரை ஆண்டு விலங்கு கிடந்த கால் ஒரே நாளில் மறக்குமா என்றான்.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பள்ளித்திடலில் நாடகம். ஒலிபெருக்கி வைக்கப்போவதில்லை. முன்வரிசையில் இடம்பிடிக்க வேண்டுமானால் சற்று முன்னதாகவே வாருங்கள்.